நினைக்கும் உரிமை யாருக்கு? — ‘முக்சின்’ படத்தைப் பற்றிச் சில எண்ணங்கள்

நம்மவரில் ஆண்மக்கள் நால்வர் ஓரிடத்திற் கூடினால், சம்பளம், செம்பனை விலை, தேர்தல் முதலிய விஷயங்களெல்லாம் ஒருவாறு பேசி ஓய்ந்த பின்னர், பேச்சு மெல்ல மெல்லப் பள்ளிப் பருவத்திற் போய் நிற்பது வழக்கம். பள்ளிக்கூட பஸ்ஸில் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றியும், அவளிடம் கொடுக்கத் துணிவின்றிக் கிழித்தெறிந்த கடிதத்தைப் பற்றியும் ஒருவர் சொல்லுவார். மற்றவர் சிரிப்பர். பின்பு அவரவரிடமுள்ள கதையும் ஒவ்வொன்றாக வெளிவரும். அவர்களுடைய மனைவிமார் அடுக்களையிலிருந்து அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பர். சிலர் புன்முறுவலும் செய்வர். இதிற் குற்றமொன்றுமில்லை யென்பது பொது அபிப்பிராயம். எனக்கும் அதுவே அபிப்பிராயம்.

ஆனால், அம் மனைவிமாரில் ஒருவர் அடுக்களை வாசற்படியில் வந்து நின்று, தமக்கும் அவ்வாறான நினைவு ஒன்று உண்டென்று சொல்லுவாராயின், அவ்வீட்டின் நிலை யாதாகும்? சிரிப்பு அப்பொழுதே அடங்கும். வந்திருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பர். புருஷனுடைய முகம் எவ்வாறாகும் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை. ஆணுக்கு இளமை நினைவாயிருப்பது எதுவோ, அதுவே பெண்ணுக்கு மறைக்க வேண்டிய மாசாயிருக்கிறது. ஒரே பருவம், ஒரே பஸ், ஒரே செம்மண் சாலை. ஆயினும் நினைக்கும் உரிமை மாத்திரம் ஒரு பாலார்க்கே!

இவ் வெண்ணத்தை என்னுள்ளத்தில் எழுப்பியது ஒரு பேசும் படம். அது தமிழ்ப் படமன்று. மலாய் மொழியில், ஒரு மலாய்ப் பெண்மணியால் எடுக்கப்பட்டது. ஆங்கில வழிக் கல்வி கற்றவனாதலால், நல்ல படமென்றால் மேனாட்டிலிருந்துதான் வரவேண்டுமென்று நெடுங்காலம் எண்ணித் திரிந்தவன் நான். தோட்ட ஆபீசில் செக்ரோல் புத்தகத்தோடு பொழுதைப் போக்கும் என் போன்ற கிராணிமார், ஆயிரம் மைலுக்கப்பால் நடப்பதைப் படித்துவிட்டு, அடுத்த கம்பத்தில் நடப்பதை அறியாமலிருப்பது புதிதன்று.

படமும் கதையும்

‘முக்சின்’ என்னும் இப்படம் 2007-ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கொட்டகைகளுக்கு வந்தது. டைரக்டர், யாஸ்மின் அகமது அம்மையார். படம் எடுக்கப்பட்ட இடம் செகிஞ்சான். புக்கிட் ரோத்தானிலிருந்து கோல சிலாங்கூர் சென்று, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, தஞ்சோங் காராங் வழியாக வடக்கே போகும் சாலையில் வாசகர்களிற் பலர் எத்தனையோ முறை போயிருப்பர். செம்பனை மரங்கள் விலகி, நெல்வயல்கள் கண்ணுக்கெட்டுந் தூரம் விரியத் தொடங்கும் அந்த வட்டாரமே இக்கதையின் களம். ஆகவே இது நமக்கு அயலூர்க் கதையன்று; பக்கத்து வீட்டுக் கதை.

ஓர்கெட் என்பவள் பத்து வயதுச் சிறுமி. பெற்றோர்க்கு ஒரே மகள். மற்றச் சிறுமியர் கூடி மணப்பெண் விளையாட்டு விளையாடுவது அவளுக்குப் பிடிப்பதில்லை. பையன்களோடு ஓடியாடுவதே அவள் விருப்பம். பள்ளி விடுமுறையைக் கழிக்க முக்சின் என்னும் பன்னிரண்டு வயதுப் பையன் தன் அண்ணனோடு அக் கம்பத்திலுள்ள உறவினர் வீட்டிற்கு வருகிறான். பையன்களின் ஆட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொள்பவன் அவனே. இருவரும் சைக்கிளில் சுற்றுகின்றனர், பட்டம் விடுகின்றனர். பையனுடைய உள்ளத்தில், அவனுக்கே பெயர் தெரியாத ஒன்று முளைக்கிறது. சிறுமிக்கு அது இன்னதென்று விளங்குவதற்கு முன்னரே, விளையாட்டில் நேர்ந்த ஒரு மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோகிறது. விடுமுறை முடிகிறது. அவன் விடைபெற்றுக்கொள்ள வந்தபோது அவள் முகங்கொடுக்கவில்லை. மனமிளகி அவள் ஓடி வருவதற்குள் அவன் போய்விடுகிறான்.

கதை இவ்வளவே. கொலையில்லை, கடத்தலில்லை, கடைசிக் காட்சியில் போலீஸ் வண்டி வருவதுமில்லை. படம் பெரும்பாலும் சிரிக்க வைக்கிறது. சிரித்து முடித்து எழுந்திருக்கும்போதுதான் நெஞ்சில் ஏதோ தங்கிவிட்டது தெரிகிறது. 2007-இல் பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில், பன்னாட்டு நடுவர் குழுவினர் இதற்குப் பெரும்பரிசு அளித்தனர். அவர்களுக்குக் கம்பமும் தெரியாது, மலாயும் தெரியாது. ஆனால் பத்து வயது என்பது என்னவென்று தெரிந்திருந்தது.

டைரக்டர்

யாஸ்மின் அகமது அம்மையார் 1958-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ஜொகூர் மாநிலத்து மூவாரிற் பிறந்தவர். இங்கிலாந்திலுள்ள நியூகாசில் பல்கலைக் கழகத்தில் அரசியலும் உளவியலும் கற்றார். லியோ பர்னட் என்னும் விளம்பரக் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய பண்டிகைகளை ஒட்டிப் பெட்ரோனாஸ் கம்பெனிக்காக அவர் எடுத்த விளம்பரக் குறும்படங்களைக் கண்டு கண்கலங்காத வீடு இந்நாட்டிற் குறைவு. ‘ரபுன்’ (2003), ‘செப்பெட்’ (2004), ‘குப்ரா’ (2006), ‘முக்சின்’, ‘முஅலாஃப்’ (2008), ‘டேலண்ட்டைம்’ (2009) என முழுநீளப் படங்கள் ஆறு. 2009-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், தம் ஐம்பத்தொன்றாம் வயதில், அவர் காலமானார். அவருக்குப் பின் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஓர்கெட் என்னும் பெண் ஒரு படத்தில் மட்டும் வருபவளல்லள். ‘செப்பெட்’ படத்தில் அவள் ஈப்போவில் பள்ளிப் படிப்பை முடித்த நங்கை. குறுந்தட்டு விற்கும் ஒரு சீன இளைஞனைக் காதலிக்கிறாள். ‘குப்ரா’வில் அவள் மணமானவள். அவ்விரண்டிற்கும் பின்னர்த்தான் டைரக்டர் திரும்பி நடந்து, அவளுடைய பத்தாம் வயதிற்கு வருகிறார். ஆகவே வரிசையாகப் பார்த்து வந்தவர்க்கு, இச் சிறுமி பின்னால் யாரைக் காதலிப்பாள், எதை இழப்பாள் என்பதெல்லாம் முன்பே தெரியும். சிறுமிக்கோ ஒன்றும் தெரியாது. பட்டத்தைப் பார்த்து அவள் சிரிக்குந்தோறும் நமக்கு மனம் கனப்பது இக்காரணத்தினாலேதான். ஓரிடத்தில் வளர்ந்த ஓர்கெட்டும் அவளுடைய சீனக் காதலனும் இக் குழந்தைகளின் எதிரே கனவுபோல் வந்து போகின்றனர். அதற்கு விளக்கமேதும் கொடுக்காமலே டைரக்டர் மேலே செல்கிறார்.

இன்னொரு செய்தியும் சுவையுடையது. சிறுமி ஓர்கெட்டாக நடித்தவர் ஷரிஃபா அர்யானா. வளர்ந்த ஓர்கெட் ஷரிஃபா அமானி. இப்படத்தில் தாயாக வருபவர் ஷரிஃபா அலெயா. மூவரும் உடன்பிறந்த சகோதரிகள். அத் தாயின் பாத்திரத்திற்கு இட்ட ‘இனோம்’ என்னும் பெயரோ டைரக்டரைப் பெற்ற தாயாரின் சொந்தப் பெயர். தம் வீட்டை அப்படியே எடுத்துத் திரையில் வைத்தார் என்பது இதனால் விளங்கும். தம் இளமையை இவ்வளவு வெளிச்சத்தில் வைப்பதற்கு ஒரு பெண்ணுக்குத் துணிவு வேண்டும்; அத் துணிவை அவருக்கு அளித்த வீட்டைத்தான் அவர் படமாக்கினார்.

மழையும் பிரம்பும்

அவ்வீடு எத்தகையது? மழை கொட்டுகிறது. திண்ணையில் வாத்தியக்காரர்கள் வாசிக்கின்றனர். தாயும் மகளும் முற்றத்தில் இறங்கி நனைந்துகொண்டே ஆடுகின்றனர். பணிப்பெண்ணும் அவ்வீட்டில் ஒரு குடும்பத்தாளாகவே நடத்தப்படுகிறாள். தாய் மகளோடு ஆங்கிலத்திலும் பேசுகிறாள். நீனா சிமோன் பாடிய ஒரு பிரெஞ்சுப் பாட்டு அக் கம்பத்து வீட்டில் ஒலிக்கிறது. புருஷன் பெண்சாதியை நாலு பேர் காணக் கொஞ்சுகிறான். அயலாருக்கு இது பொறுக்குமா? பொறுக்கவில்லை. வேலிக்கப்பாலிருந்து விழும் பார்வைகளும் முணுமுணுப்புகளும் படம் முழுவதிலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

நான் பலமுறை திருப்பிப் பார்த்த காட்சி ஒன்றுண்டு. ஓர்கெட் செய்த குறும்பைப் பற்றிப் புகார் வருகிறது. புகார் செய்தவர்க்கு முன் தாய் மகளைக் கண்டித்தாக வேண்டும். உள்ளே அழைத்துச் சென்று பிரம்பெடுத்து அடிப்பதுபோல் பாசாங்கு செய்கிறாள். மகள் அடிபட்டவள்போல் அலறுகிறாள். வெளியே நிற்பவர்க்குத் திருப்தி. உள்ளே இருப்பவர்களுக்குச் சிரிப்பு. கொட்டகையில் எல்லாரும் சிரித்த காட்சி இதுவாயிருக்கும். ஆனால் ஆயிரம் சீர்திருத்தப் பிரசங்கங்களில் சொல்லப்படுவது இந்தச் சிரிப்பிற்குள் அடங்கியிருக்கிறது. ஊர் வாய்க்கு அஞ்சித்தான் பிள்ளைகளை அடிக்கிறோமேயன்றிப் பிள்ளை செய்த குற்றத்திற்காக அடிப்பது குறைவு. ஊருக்கு ஓசைதானே வேண்டும், அதைக் கொடுத்துவிட்டுப் போவோம், குழந்தையைத் தொடவேண்டாம் என்கிறாள் அத் தாய்; வாயாற் சொல்லவில்லை, கையாற் சொல்லுகிறாள்.

இப்படத்திற்கு முந்தியே, 2006-இல், அரசாங்கத் தொலைக்காட்சியில் ஒரு விவாதம் நடைபெற்றது. ‘செப்பெட்’, ‘குப்ரா’ ஆகிய இரு படங்களும் பண்பாட்டைக் கெடுப்பனவா என்பதே அதன் பொருள். பண்பாட்டின் காவலர் எல்லாச் சமூகத்திலும் ஒரே குரலில்தான் பேசுவர் போலும்! நம்முடைய குழாயடியில் நான் கேட்ட வாக்கியங்களுக்கும் அவர்களுடைய வாக்கியங்களுக்கும் மொழி ஒன்றே வேறு. அம்மையார் அதற்கு மறுப்புரையாக நூல் எழுதவில்லை. இப்படமே போதுமான விடையாகிறது: கண்ணியமென்பது பிறர் கண்ணிற் படாதிருப்பதா, அல்லது வீட்டிற்குள் ஒருவரையொருவர் நோகச் செய்யாதிருப்பதா என்று அது கேட்கிறது.

நம்முடைய படங்கள்

பழைய காதலை நினைந்து உருகும் படங்கள் தமிழிலும் உண்டு. அவற்றை நம்மவர் பெரிதும் போற்றினர். தங்கர் பச்சான் எடுத்த ‘அழகி’ (2002), சேரன் தாமே நடித்து எடுத்த ‘ஆட்டோகிராப்’ (2004), சி. பிரேம்குமாரின் ‘96’ (2018) ஆகிய மூன்றும் அவ்வகையிற் சிறந்தவை. மூன்றையும் விரும்பிப் பார்த்தவன் நான். ஆயினும் ‘முக்சின்’ படத்தைக் கண்டபின் அவற்றை மறுபடி எண்ணிப் பார்க்கையில், முன்பு புலப்படாத ஒன்று புலப்பட்டது.

‘அழகி’யில் நினைப்பவன் சண்முகம்; நினைக்கப்படுபவள் தனலட்சுமி. அவன் படித்து, மணந்து, பட்டணத்தில் நல்ல நிலையில் வாழ்கிறான். அவளோ கணவனை இழந்து தெருவிற்கு வந்து, பின்பு அவன் வீட்டிலேயே வேலைக்காரியாய்ப் புகவேண்டியவளாகிறாள். ‘ஆட்டோகிராப்’ படத்தில் செந்தில் தன் கலியாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தான் முன்பு காதலித்த பெண்களை ஊரூராய்த் தேடிச் செல்கிறான். பயணம் அவனுடையது, கண்ணீர் அவனுடையது, முடிவில் மணமேடையும் அவனுடையது. இப்பொழுது அக்கதையைப் புரட்டிப் பாருங்கள். ஒரு மணப்பெண் தன் கலியாணப் பத்திரிகையோடு பழைய காதலர் வீடுகளைத் தேடிப் புறப்பட்டாள் என்று ஒருவர் படமெடுத்தால், நம் ஊர்க் கொட்டகையில் நாற்காலிகள் மிஞ்சுமா?

‘96’ படம் இவற்றினும் நேர்மையுடையது. அதில் ஜானகியும் நினைக்கிறாள்; இராமச்சந்திரனைக் காட்டிலும் துணிவாகவே நினைக்கிறாள் என்றுங்கூடச் சொல்லலாம். ஆனால் அவனுடைய மாணவியர் முன்னிலையில் தங்கள் கதையைச் சொல்ல நேரும்போது, உள்ளது உள்ளவாறு சொல்லாமல், தாங்கள் கல்லூரியிலேயே மறுபடி சந்தித்துவிட்டதாகக் கற்பனையான ஒரு கதையைப் புனைந்து சொல்லுகிறாள். அது மிக அழகிய காட்சி. ஆயினும் அதன் பொருளை ஆராயுங்கள். மணமான ஒரு தமிழ்ப்பெண் தன் நினைவைப் பிறரிடம் சொல்லவேண்டுமாயின், அதற்குப் பொய்யின் வேடம் தேவையாகிறது! ஆண் தன் நினைவை அப்படியே சொல்லுகிறான். பெண் அதனைக் கட்டுக்கதையாக்கித்தான் வெளியிற் கொண்டுவரவேண்டும்.

‘முக்சின்’ படத்தின் பெருமை இவ்விடத்தில்தான் விளங்கும். படத்தின் பெயர் பையனுடைய பெயர். படத்தின் நினைவோ பெண்ணினுடையது. பையன் நினைக்கப்படுகிறான்; பெண் நினைக்கிறாள். வளர்ந்த ஓர்கெட்டின் குரலே படத்தை முடித்துவைக்கிறது. அக்குரலில் குற்றவாளியின் நடுக்கமில்லை. யாரிடத்தும் மன்னிப்புக் கேட்பதில்லை. மழையைப் பற்றிச் சொல்வதுபோலவே முதற்காதலைப் பற்றியும் சொல்லுகிறாள். அவ்வளவு சாதாரணமாக அவள் சொல்லக்கூடியதற்குக் காரணம், பத்து வயதில் அவளை அடிப்பதாகப் பாசாங்கு செய்த அந்தத் தாய்தான். பின்னாளில் நினைக்கக்கூடிய பெண் வேண்டுமானால், முன்னாளில் சிரிக்கக்கூடிய வீடு வேண்டும். இதுவே இப்படத்தினின்றும் நான் கற்றுக்கொண்டது.

குறைகள்

குறையே இல்லாத படமென்று நான் கூறவில்லை. ஓர்கெட்டின் பெற்றோர் நல்லவர்கள். அளவுக்கு மிஞ்சி நல்லவர்கள். ஒருநாளாவது அவர்கள் சலித்துக்கொண்டதாகவோ, காசுக்குத் திண்டாடியதாகவோ தெரியவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கூடியவர்க்கு மழையில் ஆட நேரமிருக்கும். அதிகாலையிற் பெரட்டுக்குப் போய், பிற்பகல் திரும்பி, பிள்ளையை ஆயக்கொட்டகையிலிருந்து அழைத்துவந்து உலையேற்றும் தாய்க்கு அந்த உற்சாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் படத்தில் விடையில்லை.

இரண்டாவது, வம்பு பேசும் அயல்வீட்டுப் பெண்ணின் கதி. அவளுடைய புருஷன் வேறொருத்தியை மணக்கத் துணிகிறான். பிறர் குடும்பத்தைப் பழித்தவளுக்குத் தன் குடும்பம் உடைந்ததென்று நீதி காட்டுவதுபோல் இது அமைந்துவிட்டது. எந்த வழக்கம் பெண்ணைச் சிறுமைப்படுத்துகிறதோ, அவ்வழக்கத்தையே கோலாக எடுத்து ஒரு பெண்ணை அடிப்பது முறையாகாது. ஓர்கெட்டின் வீட்டார் அவளைக் கண்டு மகிழவில்லை யென்பது உண்மையே. ஆயினும் பார்ப்பவரில் சிலர் மகிழ்வர். அதற்கு டைரக்டர் இடங்கொடுத்திருக்க வேண்டாம்.

மூன்றாவதாக முக்சினுடைய அண்ணன். தாயின் பிரிவினால் உள்ளங் கசந்துபோன அவ்விளைஞனுடைய துயரம் வேறொரு படத்திற்குரிய கனமுடையது. அது இங்கே வாசலில் வந்து நின்று, முழுதும் உள்ளே வராமலே திரும்பிப் போகிறது. இக்குறைகளைச் சொல்லுவது படத்தைத் தாழ்த்துவதற்காகவன்று. நல்ல படத்திற்குத்தான் குறை சொல்லத் தோன்றும். மற்றவற்றைப் பார்த்துவிட்டு வீட்டிற்குப் போய்ச் சாப்பிடலாம்.

என் வீட்டில் நடந்தது

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்த மாலையில், இப்படத்தை வீட்டிற் பார்த்தோம். என் துணைவியாரும் ஒன்பது வயதுள்ள எங்கள் மகளும் உடனிருந்தனர். படம் முடிந்ததும், வழக்கம்போல் நான் என் பள்ளி பஸ் கதையைத் தொடங்கினேன். அக்கதையை என் துணைவியார் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். எங்கே நிறுத்துவேன், எங்கே பெருமூச்சு விடுவேன் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்று அவர் சிரிக்கவில்லை. உலர்ந்த துணிகளை மடித்தபடியே, “எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

என் மாமனாராயிருக்கும் என்றே நான் அதுவரையில் எண்ணியிருந்தேன். இல்லையாம். லயத்தின் கடைசி வீட்டுப் பையனாம். அப்போது இவருக்கு வயது பத்து. பால்மரக் காட்டினூடே போகும் செம்மண் சாலையில், பள்ளிவிட்ட பின்னர், ஏழு நாள் பழக்கினானாம். எட்டாம் நாள் குழாயடியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கின்றனர். அன்றிரவு கொய்யாக் கம்பு முறியுமட்டும் அடி விழுந்தது. சைக்கிளும் நின்றது. அடுத்த ஆண்டு அப்பக்கத்துப் பால்மரங்கள் வெட்டப்பட்டு, செம்பனை நடப்பட்டது. பையனுடைய குடும்பத்தார் லயத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டனர். “அவன் பேரைக்கூட இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்லைங்க” என்று முடித்தார்.

உண்மையை எழுதுவதாயின் முழுதும் எழுதவேண்டும். என் நாவின் நுனியில் வந்து நின்ற சொற்கள், “யார் அவன்?” என்பனவே. பத்து வயதுச் சிறுமியின் சைக்கிள் பாடத்தைப் பற்றி, முப்பத்தாறு வயதுள்ள நான் விசாரணை செய்யத் தயாராகிவிட்டேன்! சற்று முன்னர்ப் பஸ்ஸிற் கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்லிச் சிரித்த அதே நாக்கு. சீர்திருத்தத்தைப் பற்றிக் கூட்டங்களில் கைதட்டியவன், பெண்ணுரிமை பற்றிய கட்டுரைகளை வெட்டி ஒட்டி வைத்திருப்பவன். என் கதி இது. கேள்வியை விழுங்கினேன் என்பது மாத்திரமே நான் என்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய நற்செய்தி.

எங்கள் மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அம்மாவை ஏம்பா அடிச்சாங்க? சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டாங்களா?” என்றாள். எங்களில் ஒருவரும் விடை கூறவில்லை.

என் மாமனார் கொடியவரல்லர். விடியுமுன் எழுந்து பால்வெட்டி, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அவர் அஞ்சியது மகளுக்கன்று, குழாயடிக்கு. அதே புகார்தான் ஓர்கெட்டின் தாயிடமும் வந்தது. அதே பிரம்புதான் அவள் கையிலும் இருந்தது. ஒரு வீட்டில் ஓசை மட்டும் எழுந்தது, மறு வீட்டில் அடி விழுந்தது. அதனால் ஒருத்தி வளர்ந்து தன் கதையை ஒரு நாட்டிற்கே சொன்னாள். மற்றொருத்தி இருபத்தைந்து ஆண்டுகள் தன் புருஷனிடத்தும் சொல்லவில்லை.

நாம் செய்யவேண்டுவது

தோட்டங்கள் மாறிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல காலியாயின. நம்மவர் பட்டணங்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் பெயர்ந்தனர். ஆதலால் பழைய தோட்டத்தை நினைந்து எழுதுவோர் இன்று பலர். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதும், மாரியம்மன் திருவிழாவும், பெரட்டுக் களத்து மணியோசையும் மறுபடி மறுபடி எழுதப்படுகின்றன. எழுதட்டும், அவை மறையக்கூடாதவை. ஆனால் அந்நினைவுகளை எழுதுபவர் யாரென்று எண்ணிப் பாருங்கள். திடலில் எங்கே நின்று படம் பார்த்தோம் என்று சொல்பவர் ஆண்கள். திடலுக்குப் போக அனுமதியின்றி வீட்டிலிருந்து வசனத்தை மட்டும் கேட்டவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

இந்நாட்டுத் தமிழ்ப் படங்களிலும் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 2005-இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ ஒரு தோட்டத்துப் பெண்ணின் படிப்பாசையை நடுவில் வைத்தது. 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’, தோட்டத்தைவிட்டு வெளியேறிய நம் குடும்பங்களிடையே வளரும் ஒரு சிறுவன் எவ்வாறு வழிதவறுகிறான் என்பதை அஞ்சாமற் காட்டியது. யாஸ்மின் அம்மையாரே தம் கடைசிப் படமான ‘டேலண்ட்டைம்’ படத்தில், காதுகேளாத மகேஷ் என்னும் இளைஞனையும் அவனைப் பெற்ற தாயையும் நடுவில் வைத்து, நம் வீட்டிற்குள்ளும் ஒருமுறை வந்து போனார். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆயினும், நம் பெண்ணொருத்தி தன் பத்தாம் வயதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் படத்திற்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்.

அதற்குக் கருவியும் பணமும் வேண்டுமென்பர். அவற்றிற்கு முன்பு வேண்டுவது கேட்கும் காது. வாசக அன்பர்களே! அடுத்த முறை நால்வர் கூடிப் பள்ளிக் கதை பேசும்போது, உங்கள் கதையைச் சற்றே சுருக்கிக்கொண்டு, அடுக்களைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். தாயாரோ, தமக்கையாரோ, துணைவியாரோ சொல்லக்கூடிய கதை ஒன்று அங்கே இருக்கும். அதைக் கேட்டபின் அவரை அதுவரை மதித்ததைவிடக் குறைத்து மதிப்பீர்களாயின், குறை கதையிலில்லை.

மறுவாரம் என் துணைவியார் எங்கள் மகளுக்குச் சைக்கிள் பழக்கத் தொடங்கினார். இதை அவரே செய்யவேண்டுமென்று நான் விட்டுவிட்டேன். ஆபீசுக்கெதிரேயுள்ள சாலையில் சிலர் நின்று பார்த்தனர். யாரோ ஏதோ சொன்னதும் என் காதில் விழுந்தது. குழந்தை இருமுறை விழுந்து எழுந்தாள். அந்தப் பையனின் பெயரை நான் இதுகாறும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.